ஓனரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை

"ஓனரைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும். எதையும் மறைக்காம உண்மையைச் சொல்லணும்."

டிரெய்லர் படியில் குந்தியிருந்த அம்புரோஸ் தலையைத் தூக்கிப் பார்த்தான். நாற்பது வயசுப் பெண்மணி. மடிப்புக் கலையாத காட்டன் புடவை, கையில் நோட்டு, பேனா. சந்தேகமே இல்லை, கம்பெனி ஆள்தான்.

காலையில்தான் கூட ஓட்டுகிற டிரைவர் மொஹ்சின் போனில் எச்சரித்திருந்தான். "மாமு, எண்ணெய்க் கம்பெனிலேர்ந்து ஒரு ஆபீஸரம்மா வருதாம். தேசப்பன் பங்க்கப் பத்தி டிரைவருங்கள விசாரிக்குமாம். எவனாவது கொற சொன்னான்னு வெச்சிக்கோ, பங்க்குக்குப் பூட்டுதான். நீ வேற எதுனா ஒளறி வெச்சி பேஜாராக்கிடாத!"

அம்புரோஸிடம் பதினோரு வருஷக் குறை பாக்கியிருந்தது. ஆனால் மணலி புதுநகரைத் தாண்டினால் எண்ணூர் துறைமுக வாசல் வரைக்கும் உப்பங்கழிதான். அந்த ரோட்டில் குடிக்கத் தண்ணீரும் ஒதுங்கக் கக்கூஸும் உள்ளது இந்த ஒரு பங்க்கில்தான். கன்டெய்னர் வரிசையில் சில சமயம் ரெண்டு நாள்கூட நிற்க வேண்டியிருக்கும். அம்புரோஸுக்கோ சர்க்கரை. மணிக்கு ஒரு தரம் இறங்கியாக வேண்டும். இந்தப் பங்க்கை மூடினால் அவன் பிழைப்பையே மூட வேண்டியதுதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு, "கேளுங்க மேடம்" என்றான்.

"கோபக்காரரா?"

மணி ஒன்றேகால். பங்க்கின் கண்ணாடி அறைக்குள் ஓனர் தேசப்பன் வஞ்சிரத்தை முள் முள்ளாக ஆராய்ந்துகொண்டிருந்தார். வெளியே முப்பது வண்டி நின்றாலும் ரெண்டு மணிக்கு முன்னால் எழுந்து வர மாட்டார். போன மாசம் அவசரம் தாங்காமல் அம்புரோஸ் கண்ணாடியைத் தட்டிவிட்டான். எச்சில் கையோடு வெளியே வந்து, அவன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டி, அன்றைக்கு டீசல் கிடையாது என்று துரத்தியும் விட்டார்.

"கோவமா? அவுருக்கா? கொயந்த மேடம்! இன்னா சொன்னாலும் சிரிச்சிக்கினே இருப்பாரு."

அவள் எழுதிக்கொண்டாள். "விட்டுக்கொடுக்கிற ஆளா?"

பம்ப்பு முன்னால் தேசப்பன் தன் கையாலேயே மஞ்சள் கோடு போட்டிருந்தார். ஒருநாள் அம்புரோஸின் முன் சக்கரம் நாலு விரல் தாண்டிவிட்டது. நாற்பதடி வண்டியை வெளியே எடுக்க வைத்து, மூன்று கிலோமீட்டர் போய்த் திருப்பிக்கொண்டு வரச் சொல்லி, வரிசையில் கடைசியாக நிறுத்தினார்.

"விட்டுக்கொடுக்கறதுல கர்ணன் மேடம். நம்ப தப்பு பண்ணாகூட, பரவால்ல நைனா, இன்னொரு தபா வான்னுதான் சொல்லுவாரு."

"மத்தவங்க மேல அக்கறை உண்டா?"

கக்கூஸ் சாவி தேசப்பன் கழுத்தில் தொங்கும். கேட்டால், "எதுக்கு?" என்பார். கக்கூஸ் சாவி எதுக்கு! காரணம் சொல்லி வாங்கிக்கொண்டு போனால் அஞ்சாவது நிமிஷம் மைக்கில் வண்டி நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னும் எவ்ளோ நேரம்?" என்று ரோட்டுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பார். அம்புரோஸின் வண்டி நம்பர் எண்ணூர் முழுக்கப் பிரபலம்.

"அக்கறையா? உள்ள போன மனுசன் வெளிய வர்ற வரிக்கும் அவுரு மனசு தாங்காது மேடம். துடிச்சிப் பூடுவாரு!"

"ஐயோ பாவம்" என்றாள் அவள், கண்ணாடி அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு. "கெட்ட பழக்கம்?"

"பீடி கெடியாது, தண்ணி கெடியாது."

இதில் மட்டும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஆளே ஒரு கெட்ட பழக்கம். தனியாக வேறு எதற்கு?

"கடைசியா ஒண்ணு. நாம ஒரு விஷயம் எடுத்துச் சொன்னா கேட்பாரா?"

'யோவ், அந்தச் சாவிய ஓர் ஆணியில மாட்டி வெய்யி' என்று பதினோரு வருஷமாக எடுத்துச் சொல்கிறான் அம்புரோஸ். கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒரே ஒரு வார்த்த போதும் மேடம். மறு பேச்சே கெடியாது. அப்டியே செஞ்சிருவாரு."

அவள் நிம்மதியாகச் சிரித்து நோட்டை மூடினாள். அம்புரோஸும் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"அப்போ பங்க்குக்கு ஒண்ணும் ஆவாதே மேடம்? கம்பெனிக்கு நல்ல மாதிரியா எழுதிருவீங்கல்ல?"

"எந்தக் கம்பெனிக்கு? நான் காலடிப்பேட்டையில ஸ்கூல் டீச்சருங்க. பேரு கார்குழலி. எனக்கு இவரைப் பேசியிருக்காங்க. மாப்பிள்ளை எப்படின்னு நானே நேர்ல விசாரிச்சுடலாம்னு வந்தேன்."

அம்புரோஸ் படியிலிருந்து துள்ளி எழுந்தான்.

"ஒரு பயம் இருந்துதுங்க. உங்ககிட்ட பேசினப்புறம் போயிடுச்சு" என்று அவள் கைகூப்பினாள். "எனக்கு மதுரைக்கு மாத்தலாயிருக்கு. இந்த இடத்தை கன்டெய்னர் குடோனுக்குக் கேட்டுக்கிட்டே இருக்காங்களாம். கல்யாணம் முடிஞ்ச கையோட பங்க்கை இடிச்சு அவங்களுக்குக் குடுத்துட்டு, என்கூட வந்துடச் சொல்லப்போறேன்."