கவிழ்த்த பீக்கர்

அன்று ஆய்வகத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். பால்பண்ணை சென்னியப்பன். அந்தப் பள்ளியில் வேதியியல் நடத்தும் அவருடைய மருமகள் கோகிலவாணி. தலைமையாசிரியர். பெற்றோர் சங்கத் தலைவரான மளிகைக்கடை நாச்சிமுத்து. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள்.

வேறு யாரும் இல்லை. தாமும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

சென்னியப்பனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை.

வாசலுக்கு மேலே அவருடைய தகப்பனார் பெயர் புதுப் பெயிண்டில் இருந்தது. மேசை, குழாய், கண்ணாடிச் சாமான், அமிலப் புட்டி வரைக்கும் அவர் வீட்டு நன்கொடை. இன்று முதல் வகுப்பு.

கோகிலவாணி மூன்று சோதனைக் குழாய்களை நிறுத்தினாள். மூன்றிலும் ஒரே அளவுத் துத்தநாகத் துண்டு. ஊற்றப்போகும் அமிலம் மட்டும் வேறு வேறு வீரியம். எதில் குமிழ் வேகமாக வருகிறது என்று பிள்ளைகள் கண்டு சொல்ல வேண்டும்.

அதற்காக முன்வரிசை முகங்கள் மேசையோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

அவள் பீக்கரில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அமிலப் புட்டியின் மூடியில் கை வைத்தாள்.

சென்னியப்பன் அந்தத் தண்ணீரைப் பார்த்தார்.

அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் வாசலில் மாட்டைக் கட்டி, பாத்திரத்தை எல்லோருக்கும் தெரியக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் மடியில் கை வைப்பார்கள். உள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது. தகப்பனார் கவிழ்த்தார். இவர் கவிழ்த்தார். கறவை இயந்திரம் வந்த பிறகும் ஒவ்வொரு கேனும் கவிழ்ந்து எழுந்துதான் நிரம்புகிறது.

அவர்கள் பாலில் தண்ணீர் என்று சொன்ன வாய் அந்த வட்டாரத்தில் ஒன்றுதான். அது நாச்சிமுத்துவின் வாய்.

“ஏனுங் வாத்தியாரே,” என்றார் நாச்சிமுத்து தலைமையாசிரியரிடம், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி. “பால்காரரு வூட்டு ஆசிட்லயும் தண்ணிதானுங்களா?”

கடைசி பெஞ்சு சிரித்தது. தலைமையாசிரியர் மீசையைத் தடவுவதுபோல் வாயை மறைத்துக்கொண்டார்.

சென்னியப்பன் மேசைக்கு வந்தார்.

பீக்கரை எடுத்தார். எல்லோருக்கும் தெரியத் தூக்கினார். கவிழ்த்தார்.

தண்ணீர் தரையில் கொட்டி நாச்சிமுத்துவின் செருப்பு வரைக்கும் ஓடியது.

காலி பீக்கரை மருமகள் முன்னால் வைத்தார்.

“இப்ப ஊத்து அம்மிணி. கலப்படம் வேண்டாம். மேல எங்கய்யன் பேரு இருக்குது.”



வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் கோகிலவாணி அவர் சொல்லை மறுத்ததில்லை. தனியாகவும் இல்லை, நாலு பேர் முன்னாலும் இல்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. வெளியிலும் சொல்லியிருக்கிறார்.

அவள் மூடியிலிருந்து கையை எடுத்தாள்.

“மாமா, தண்ணி வேணுமுங்க.”

அவர் காலி பீக்கரை இன்னும் சற்று அவள் பக்கம் நகர்த்தினார்.

“இது ரொம்பக் காட்டமுங்க. இப்படியே ஊத்தினா பொங்கி இதுக மூஞ்சில தெறிச்சிரும். தண்ணியில்லாம நான் ஊத்த மாட்டனுங்க.”

மாட்டேன் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அவர் அன்றுதான் கேட்டார். குரல் உயரவில்லை. மரியாதை குறையவில்லை. சொல் மட்டும் வைத்த இடத்தில் இருந்தது.

அவர் நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பவில்லை. முன்வரிசையைப் பார்த்தார். ஒரு பெண்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, இன்னும் கிட்டே வந்தது.

“எவ்வளவு?” என்றார்.

“பாதிக்கு மேலங்க.”

பாதிக்கு மேல்.

நாச்சிமுத்துவின் தோள்கள் குலுங்கின.

சென்னியப்பன் குழாயைத் திறந்தார். முதுகு வளையாமல் நின்று பிடித்தார். பீக்கரைக் கண்ணுக்கு நேரே தூக்கி அளவு பார்த்தார். பிறகு அதை இந்தப் பக்கம் காட்டினார். அந்தப் பக்கம் காட்டினார். நாச்சிமுத்துவின் முன்னால் சற்று அதிக நேரம் காட்டினார்.

தோள்கள் நின்றன.

மேசையில் வைத்துவிட்டுத் தம் இடத்துக்குப் போனார்.

அவள் கண்ணாடிக் கோலைச் சாய்த்துப் பிடித்து, அமிலத்தை அதன் வழியே சிறுகச் சிறுகத் தண்ணீருக்குள் இறக்கினாள். பீக்கர் வெதுவெதுத்தது. ஒன்றும் தெறிக்கவில்லை. அதைப் பிரித்து, வெவ்வேறு அளவு தண்ணீர் கூட்டி, மூன்று குழாய்களிலும் ஊற்றினாள்.

வீரியம் கூடிய குழாயில் குமிழ்கள் சரம் சரமாக ஏறின. குறைந்ததில் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து. பிள்ளைகள் கத்தினார்கள். தலைமையாசிரியர் குனிந்தார். நாச்சிமுத்துவும் குனிந்தார்.

சென்னியப்பன் நின்றபடியே பார்த்தார்.

பெரியவருக்கு வயதாகிவிட்டது, கை நடுங்கி பீக்கரைத் தட்டிவிட்டார் என்று இப்போது ஊரில் ஒரு பேச்சு. கேட்பவர்களிடம் மருமகளே அப்படித்தான் சொல்கிறாளாம்.

தவறு.

கை நடுங்கவில்லை. கவிழ்த்தது அவர். நிரப்பியதும் அவர்.