வாய் மட்டும் தெரிந்தால் போதும்

"முகம் முழுசா வேண்டாம்மா. வாய் மட்டும் பெருசா, பளிச்சுனு தெரியணும். அப்படி ஒரு வீடியோ கேமரா காட்டு."

விற்பனைப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரோட வாய் சார்?"

"வேற யாரு, இதோ நிக்கிறாளே, இவளோட வாய்தான்." பக்கத்தில் நின்ற மனைவியைக் கட்டைவிரலால் காட்டினார் அந்த மனிதர்.

மனைவி தலையெழுத்தே என்று கூரையைப் பார்த்தாள்.

காலையிலிருந்து கேமரா பிரிவில் ஒரு விற்பனைகூட இல்லை. மேனேஜர் வேறு முறைத்துவிட்டுப் போயிருந்தார். இதையும் கோட்டைவிட்டால் மறுபடியும் செல்போன் உறை விற்கும் மூலைக்குத் துரத்திவிடுவார். பெண் வலியச் சிரித்தாள்.

"வீட்டுல எடுக்கறதுக்குன்னா போனே போதும்னு நிறைய பேர் சொல்றாங்க சார்."

"போனெல்லாம் சரிப்படாது. போனை நீட்டினா இவ திட்டறதை நிறுத்திட்டுத் தலைமுடியைச் சரி பண்ண ஆரம்பிச்சுடறா. தள்ளி நின்னு எடுக்கணும். ஜூம் நல்லா இழுக்கணும்."

"திட்டறதையா சார் எடுக்கப் போறீங்க?"

"பின்னே? இவ கொஞ்சற அழகையா எடுக்க முடியும்?"

பெண் மனைவியைப் பார்த்தாள். அந்த அம்மாள் இப்போதும் வாயைத் திறக்கவில்லை. பாவம், எத்தனை வருஷமாக இந்த வதையோ!

ஒரு கேமராவை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஃபிரிட்ஜ் வரிசைவரை பின்னால் போய் நின்றுகொண்டு, லென்ஸை மனைவி பக்கம் திருப்பினார்.

"என் தங்கச்சி வந்திருந்தப்போ நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே இல்ல?"

அவ்வளவுதான். அந்த அம்மாளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

"யாரு, நானா? வந்தவளுக்கு ஓடி ஓடிச் செஞ்சது யாரு? குடிச்ச டம்ளரை எடுத்து வச்சாளா உங்க தங்கச்சி? மகாராணி மாதிரி உட்கார்ந்துட்டுப் போனா. அவ பின்னாடி பூனைக்குட்டி மாதிரி சுத்திட்டு, இப்ப என்னைச் சொல்ல வந்துட்டீங்களா?"

குரல் கரகரத்தது. வேகம் மட்டும் குறையவில்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிரமாதம்!" என்றார் அவர். "இதை அந்தப் பெரிய டிவியில போட்டுக் காட்டும்மா."

போட்டாள். சுவரை அடைத்துக்கொண்டு அந்த அம்மாளின் வாய் மட்டும் வந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இப்ப சத்தத்தை நிறுத்து."

"சார்?"

"சத்தம் வேண்டாம். சுத்தமா நிறுத்திடு."

நிறுத்தினாள். திரையில் வாய் மட்டும் மூடி மூடித் திறந்தது. மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ரசித்துப் பார்த்தார்.

"இதையே மெதுவா ஓடவிட முடியுமா?"

"மு... முடியும் சார்."

"விடு. இன்னும் மெதுவா. ஆஹா! பூனைக்குட்டி!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "இந்தக் கேமராதான். பில் போடச் சொல்லு."

கட்டின மனைவியை நாலு பேர் நடுவில் கத்த வைத்து, அதை ஊமையாக ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிற மனிதனும் உண்டா? வீட்டில் தினமும் இதே கூத்துதான் நடக்கப் போகிறது. அதற்குக் கேமராவை எடுத்துக் கொடுப்பது இவள் கை.

அவர் பில் போடும் இடத்துக்கு நடந்தார். விற்பனை போனால் போகட்டும் என்று பெண் அந்த அம்மாளின் கையைப் பிடித்தாள். கடையில் சொல்லிக் கொடுத்த 'மேடம்' எங்கேயோ போய்விட்டது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கேமராவை வாங்க விடாதீங்க. உங்களை அவமானப்படுத்தறதுக்குன்னே வாங்கறார் அக்கா. நீங்க எப்படி இதைப் பொறுத்துக்கறீங்க?"

அந்த அம்மாள் தூரத்தில் வரிசையில் நின்ற கணவர் பக்கம் திரும்பி, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"சரி சரி, வாரண்டி கார்டை மறக்காம வாங்கறேன்!" என்று அங்கிருந்தே கத்தினார் அவர்.

பெண் அவரையும் அந்த அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாத்தியா? நிதானமா பேசினா பிடிச்சுடறார். கோபத்துல படபடன்னு பேசினாத்தான் ஒண்ணும் புரியாம முழிக்கிறார். அதான் மெதுவா ஓடவிட்டுப் படிக்கிறார்" என்றாள் அந்த அம்மாள்.

"படிக்கிறாரா? எதுக்கு அக்கா? நீங்கதான் நல்லா பேசறீங்களே!"

"வர்ற திங்கட்கிழமை வரைக்கும்தான்மா. தொண்டையில புத்துநோய். குரல்வளையையே எடுத்துடப் போறாங்க. 'குரல் போனா போகட்டும், நீ திட்டறது மட்டும் எனக்குப் புரியாமப் போயிடக் கூடாது'ன்னு ஒரே பிடிவாதம் இவருக்கு."