பல்லில் கடித்த ஸ்க்ரூடிரைவர்

பியதிலகவுக்கு நடந்தது பச்சை அநியாயம். இருபது வருஷமாக விவசாயச் சங்கத்தின் கை டிராக்டரைப் பழுது பார்த்தவரை, காது போய்விட்டதென்று நிறுத்திவிட்டார்கள். காது போனதே அந்த எஞ்சினோடு மல்லுக்கட்டித்தான்.

"காது கேக்காதவன் எஞ்சின் சத்தத்தை எதால கேப்பான், மூக்காலயா?" என்று கூட்டத்தில் சிரித்தவர் செயலாளர் ஜயரத்ன. வேலை அவர் மச்சான் சமிந்தவுக்குப் போனது.

எதிர்த்துப் பேசிய ஒரே ஆள் வயல்காரி குசுமாவதி. அவள் பேச்சு யாரிடம் எடுபட்டது?

இன்று சங்கத்து டிராக்டர் அவள் வயலுக்கு வரும் முறை. வாய்க்காலில் தண்ணீர் இன்றும் நாளையும்தான். அதற்குள் ஒன்றரை ஏக்கரையும் சேறடிக்காவிட்டால் அவளுக்கு இந்தப் போகம் இல்லை. டிராக்டரோ வரப்பில் நின்று 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டிருந்தது.

"உள்ளே பேரிங் போயிருக்கு அக்கா. பிரிக்கணும். எட்டு நாளாகும்," என்றான் சமிந்த.

"எட்டு நாள் கழிச்சுப் புழுதியிலயா விதைக்கிறது?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவள், பியதிலகவைப் பின்னால் உட்காரவைத்து மிதித்து வந்தாள். அதற்குள் ஜயரத்னவும் நாலு பேரும் கூடிவிட்டார்கள்.

பியதிலக நீள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைப் பல்லால் கடித்து, நுனியை ஓடும் எஞ்சின்மேல் வைத்தார். தட்டல் பல் வழியாகத் தலைக்குள் ஏறுமாம்.

"பாவம், பசி. இரும்பைத் திங்குறார்," என்று வாய்க்குள் முனகினார் ஜயரத்ன.

பியதிலக நிமிர்ந்தார். "உப்புதான் கம்மி."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உதட்டசைவு ஒன்று போதும் மனுஷனுக்கு.

மேலே வைத்தார், கீழே வைத்தார், பக்கவாட்டில் வைத்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார். எஞ்சினின் பக்கவாட்டுச் சக்கரம் சுழன்று ஓயும்போதும் பல்லில் 'டொக்' நிற்கவில்லை.

"டீசல் எரியாதப்பவும் தட்டுது. பேரிங் இல்ல."

அந்தக் கனத்த சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். ஆடியது. அதன் நட்டு ஒன்றரைச் சுற்று தளர்ந்திருந்தது. நட்டைப் பிடித்துவைக்க மடித்திருக்க வேண்டிய வாஷர் மடிக்கப்படவே இல்லை. நட்டை முறுக்கி, வாஷரைத் தட்டி மடித்தார். எஞ்சின் சீராக ஓடியது.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"என்ன கோளாறு பாஸ்?" ஜயரத்னவின் குரலில் இப்போது மரியாதை.

"நட்டு தளர்ந்திருக்கு. வயல்ல அதிர்ற அதிர்வுக்கு நடக்குறதுதான்."

சமிந்த தலை குனிந்துகொண்டான். குசுமாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் ஆயில் ஒழுகுகிறதென்று அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்டியவனே அவன்தான். அவளே பார்த்திருந்தாள்.

பியதிலகவின் முகத்துக்கு நேரே போய் நின்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டாள்.

"அந்த வாஷரை மடிக்காம விட்டது யாரு பாஸ்? எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

அவர் அவள் உதடுகளைக் கடைசி வார்த்தை வரைக்கும் பார்த்தார். பிறகு ஸ்பேனரைத் துடைத்துச் சமிந்தவின் கையில் கொடுத்தார்.

"எனக்குத்தான் காது கேக்காதே, தங்கச்சி."