தலையில் வைத்த கை

வாராவாரம் மாங்காய்க் கிடங்கில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் போர்க்கதையை, இந்த ஞாயிறு முதலமடை மாந்தோப்புக்குள் வேஷம் கட்டி ஆடினோம். மேசையில் என் வீரன் செத்தாலும் நான் டீ குடித்துக்கொண்டிருப்பேன். இங்கே வீரனே நான்தான்.

தலையில் கை வைத்தவன் ஆட்டத்தில் இல்லை. கையை எடுக்கும்வரை அவனை யாரும் பார்க்கக் கூடாது. அதுதான் விதி. காலில் முள் குத்தியதும் கை வைத்தேன். எதிரணியில் ஆடிய செல்வப்பிரியா விதிப்படி என்னைக் கடந்து போனாள். முள்ளைப் பிடுங்கிவிட்டுக் கையை எடுத்தேன்.

கிடங்குக்குத் திரும்பியதும், ஆட்டத்திலேயே இல்லாத காவல்காரர் ரத்தினசாமி என் கண்ணெதிரே அவளிடம் என்னைப் பற்றிக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, கோகுல் தம்பி இன்னைக்கு வரலீங்களா?"

"காலைல இருந்தே காணமுங்க."

"ஆட்டம் முடிஞ்சுது செல்வி, போதும்!" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை.

என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவள் வந்து அதில் தன் பையை வைத்தாள். என் மடியில் பாரமே தெரியவில்லை.