கப்பலேறிய அப்பா

“மூணுல எது பொய்டி?” என்று பக்கத்து இடத்து ஜெனிட்டா திரும்பவும் கேட்டாள்.

புது வகுப்பில் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள டீச்சர் வைத்த விளையாட்டு அது. தன்னைப் பற்றி இரண்டு நிஜமும் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும். பொய்யை மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு நீந்தத் தெரியும், எங்கள் வீட்டில் ஆமை இருக்கிறது, அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார் என்றாள் பவுன்தாய். “ஆமை!” என்று வகுப்பே கத்தியது. அவள் தலையாட்டினாள். அதோடு அப்பா கப்பலேறிவிட்டார். ஜெனிட்டா மட்டும் கைதட்டவில்லை.

“ஆமைதான். நீ என்ன போலீஸா?” என்று பவுன்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டா சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றாள். கணக்கு நோட்டு வேண்டுமாம். கண் மட்டும் பவுன்தாயின் தோளைத் தாண்டி வீட்டுக்குள் போனது. அங்கே ஒருவர் தரையில் உட்கார்ந்து ஆமைக்குக் கீரை ஊட்டிக்கொண்டிருந்தார். அவருடைய காலைப் பழைய சேலை ஒன்றால் கட்டிலோடு கட்டியிருந்தது.

“யாரு பாப்பா? உள்ள வரச் சொல்லு, கீரை குடுக்கட்டும்.”

“இது எங்க பெரியப்பா” என்றாள் பவுன்தாய் அவசரமாக. “அப்பா கப்பல்லதான் இருக்காரு.”

கீரை பிடித்த கை அப்படியே நின்றது. ஜெனிட்டா ஆமையைப் பார்த்தாள். அவர் மூக்கையும் பவுன்தாயின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நோட்டைக்கூட வாங்காமல் படியிறங்கிப் போனாள்.