ரபீக்கா மாமியின் குரலில் ஒரு கோல்

வயிறு நோகச் சிரிக்கிற கதை ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் இப்போதே சிரித்துவிடாதீர்கள். சிரிக்கிற இடம் கடைசியில்தான் வரும்.

எனக்கு யாருடைய குரலும் வரும். எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைக்கு வரும் மீன்காரர், மூக்கால் பேசும் நொத்தாரிசு, ராத்தாவின் வருங்கால மாமியார் ரபீக்கா மாமி. மாமி வாய்க்கு வாய் "மகன், மகன்" என்று இழுப்பார்.

வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவர் அண்ணன் ஸைத் நானா, அடுத்தது அக்கா மஸாஹிரா ராத்தா, கடைக்குட்டி நான், பர்ஹா.

ராத்தாவுக்குக் கல்யாணம். எங்கள் பழக்கப்படி வீடு மகளுக்கு. நாளைக்கு நொத்தாரிசிடம் போய், வீட்டை ராத்தா பேருக்கு மாற்றும் நன்கொடை உறுதிப் பத்திரத்தை வாப்பா எழுதுகிறார்.

அதற்குத்தான் நானா போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் குதித்தார்.

"என்ட பங்கைத் தராம ஒருத்தரும் சைன் வைக்க ஏலா! நொத்தாரிசுட கந்தோருக்கே வந்து கத்துவேன்!"

களுபோவிலயில் சொந்த வீட்டில் இருக்கிற மனுஷன்!

"பேராசைக்காரன்," என்றார் வாப்பா இன்றைக்கும். "அவன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் சைன் வைப்பேன்."

"வாப்பா, அந்தப் பேராசைய நானாட வாயாலயே கேக்கிறீங்களா?" என்றேன்.

புது சிம்மைப் போட்டேன். நானாவுக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரைத் தட்டினேன். வாப்பா, உம்மா, ராத்தா சுற்றி உட்கார்ந்தார்கள். உம்மா அப்போதே வாயைப் பொத்திக்கொண்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மகன்... நான் ரபீக்கா மாமி."

"வஅலைக்கும் ஸலாம், சொல்லுங்க மாமி."

"என்ன மகன் கரைச்சல்? நீங்க சத்தம் போடாம ஈந்தா, மேல்மாடிய உங்கட பேருக்கு எழுதச் சொல்றேன். சரியா மகன்?"

ராத்தா சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்தாள்.

"மாடி வேணாம் மாமி."

"அப்ப முழு வீடுமா?"

"ஒரு செங்கல்லும் வேணாம். உறுதியில ஒரு வரி போட்டாப் போதும். கண்ண மூடி மவுத்தாகும் வரைக்கும் அந்த வீட்டில ஈக்கிற உரித்து வாப்பாக்கும் உம்மாக்கும்தான்டு."

வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் விடவில்லை. மாமியென்றால் கோபம் வரும்தானே?

"எங்கள நம்பல்லையா மகன்?"

"நீங்க நல்லவங்கதான் மாமி. இங்க எங்கட ஒழுங்கையில ஹபீஸ் ஹாஜியாரும் நல்ல மருமகன்டுதான் வீட்ட எழுதிக் குடுத்தார். இப்ப கராஜ்ல படுக்கிறார்."

"அப்ப ஏன் பங்கு கேட்டுக் கத்தினீங்க?"

"வாப்பா ரோஷக்காரர் மாமி. மகள்ட வீட்டில ஈக்க எழுத்துக் கேக்க வெக்கப்படுவார். நான் பங்குக்குச் சண்டை போட்டா, சமாதானம் பேசக்குள்ள எல்லாரும் அந்த ஒரு வரிக்கு எறங்கி வருவீங்கன்டு நெனச்சேன். அது போடும் வரைக்கும் நான் விடமாட்டேன். நாளைக்கும் வருவேன், கத்துவேன்."

நானா இன்னும் முடிக்கவில்லை.

"அந்த வரிய நீங்களாக் கேட்ட மாதிரி போடுங்க மாமி. வாப்பாக்கு இதொண்டும் தெரிய வேணாம். என்னைப் பேராசைக்காரன்டே நெனச்சிக்கொள்ளட்டும்."

உம்மாவின் கை வாயிலிருந்து கண்ணுக்குப் போயிருந்தது. வாப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் மாமியின் பேச்சை முடித்துவைக்க வேண்டுமே.

"சரி நானா," என்றேன்.

எந்த மாமி மகன் வயதுக்காரனை "நானா" என்று கூப்பிடுவார்?

நான் சொன்ன சிரிக்கிற இடம் இதுதான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"பர்ஹா..." நானாவின் குரல் இறங்கியது. "போன் ஸ்பீக்கர்லயா ஈக்குது?"