நாலாக வெட்டிய முகம்

மின்சாரமில்லாத கோப்பாய் அச்சகத்தில், சன்னல் வெளிச்சத்தில் நாலு பேர் மெல்லிய தாளில் மைப்புள்ளி வைக்கிறார்கள். நாளை இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அதற்குள் நினைவு மலரில் அச்சிட, புகைப்படத்தின் மேல் தாளை வைத்து அவர் முகத்தைப் புள்ளிகளாக எடுக்கவேண்டும். வேலை கெதியாக நடக்கட்டுமென்று, வேறு பிரதி இருக்கும் என்ற நினைப்பில், நால்வரில் மூத்த தில்லைநாதன்தான் அந்தப் படத்தைப் பிளேட்டால் நாலாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தான். "அண்ணை, எனக்கு மீசை வந்திருக்கு. கொஞ்சம் கத்தரிச்சு விடட்டோ?" என்று தன் துண்டைக் காட்டி முருகேசு சிரிக்கிறான். வாசலில் கைக்குழந்தையோடு இறந்தவரின் மனைவி இராசமலர் வந்து நிற்கிறாள். "தம்பி, படம் கவனம். எங்களிட்டை வேறை ஒண்டும் இல்லை. இவன் வளர அதைத்தான் காட்டவேணும்." நாலு பேனைகளும் நிற்கின்றன. "ஓம் அக்கா," என்கிறான் தில்லைநாதன். மேசையில் விரித்த அவன் உள்ளங்கைக்கு அடியில் ஒரு கண் திறந்தே கிடக்கிறது.